த. வசந்தாமணியின் ரகசியச் சொல்

பெயருக்கு முன்னால் போடுகிற ஒற்றை எழுத்து ஒரு மனுஷியின் மண்டைக்குள் கையை விடும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பாரப்பா என்று விரட்டியிருப்பேன். கடைசியில் அந்த வேலையைச் செய்ததே நான்தான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. மூன்றாவது முறை செய்யச் சொன்னபோதுதான் எனக்குச் சொரணை வந்தது.

என் பெயர் தெய்வானை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு நினைவுச் சேமிப்பு நிலையத்தில் ஸ்டோரேஜ் என்ஜினீயர். இதற்கு முன் பதினாறு வருஷம் வங்கிகளின் தகவலைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளைக் கட்டி மேய்த்தேன். அங்கே இணைப்பு போனால் மேனேஜர் போனில் கத்துவார். இங்கே போனால் ஒருவர் தன் பேத்தியைப் பார்த்து இது யார் வீட்டுக் குழந்தை என்று கேட்பார். மற்றபடி அதே வயர், அதே போர்ட், அதே குளிர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் பரவியது. அது வந்து பிழைத்தவர்களுக்குப் புதிய நினைவு தங்காது. காய்ச்சலுக்கு முந்தையதெல்லாம் மூளையில் பத்திரமாக இருக்கும். பிந்தையது ஓரிரு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதனால் காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி வைப்பார்கள். அன்றாடம் நடப்பதையெல்லாம் அது எங்கள் பெட்டிகளுக்கு அனுப்பும். காலையில் கண் விழித்ததும் கருவி எங்களைக் கூப்பிடும். யார் நீ என்று பெட்டி கேட்கும். கருவி தன் பெயரைச் சொல்லி, தனக்குள் இருக்கும் ரகசியச் சொல்லை வைத்துத் தான் அந்த ஆள்தான் என்று நிரூபிக்கும். உடனே கதவு திறக்கும். ஏழு வருஷ வாழ்க்கை வந்து தலைக்குள் உட்காரும். எங்கள் வட்டாரத்தில் மட்டும் நாலாயிரத்து முந்நூறு பேர் தினமும் எங்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறார்கள்.

இங்கே பெயர் என்றது அப்பா அம்மா வைத்த பெயரை அல்ல. இணைப்பைத் தொடங்குகிற கருவிக்கு எங்கள் தொழிலில் இனிஷியேட்டர் என்று பேர். ஒவ்வொரு கருவியின் முதுகிலும் நீளமாக ஓர் எண் அச்சடித்திருக்கும். படிவத்தில் 'இனிஷியேட்டர் பெயர்' என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுத வேண்டும். காய்ச்சல் முகாமில் உட்கார்ந்திருந்த புண்ணியவான்கள் கட்டத்தைப் பார்த்தார்கள், "இனிஷியல் சொல்லுங்க" என்றார்கள். சனமும் வரிசையில் நின்று சொல்லிவிட்டது. மென்பொருள் லேசுப்பட்டதா? ஒரே இனிஷியலும் ஒரே முகவரியும் உள்ளவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அந்த எழுத்து அங்கே யாருடைய பெயரின் முதலெழுத்தோ அவரைக் குழுத் தலைவர் ஆக்கிவிட்டது. பிள்ளைக்கு அப்பா, பெண்டாட்டிக்குப் புருஷன். தலைவர் கையெழுத்துப் போட்டால் குழுவில் யாருடைய இணைப்பையும் நாங்கள் மாற்றலாம். இதைத் திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஓடுகிற வண்டியில் ஏன் கை வைக்கிறீர்கள் என்று பதில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஓர் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார், என்ஜினீயரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்கிறார் என்றார்கள். போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மடியில் ஹேண்ட்பேக், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நானு த. வசந்தாமணிங்க. பீளமேடு. ஒண்ணு கேக்கோணும். என்ற ஞாபகத்துல யாராச்சும் கை வெச்சீங்களா?"

"யாரு அப்படிச் சொன்னா?"

"காந்திபுரத்துல மெஹருன்னிசான்னு ஒரு வக்கீலம்மா இருக்காங்க. விவாகரத்து விசயமா இன்னிக்குக் காத்தாலதான் போனேன். உள்ள நுழையறேன், 'வாங்க வசந்தாமணி, இது மூணாவது வாட்டி'ங்கறாங்க. நானு அந்தப் படியில காலு வெக்கறதே இன்னிக்குத்தான். தமாசு பண்றாங்களாட்ட இருக்குதுன்னு சிரிச்சேன். அவங்க சிரிக்கல. பீரோவத் தொறந்து ரெண்டு மனுவ எடுத்துப் போட்டாங்க. மாசியில ஒண்ணு, ஆனியில ஒண்ணு. ரெண்டுலயும் என்ற கையெழுத்து. கடைசியில நானு போடற சுழி கூட அச்சா அப்படியே இருக்குது."

மாடிக்கு அழைத்துப் போய் என் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் பெயரைத் தட்டினேன். திரையில் இரண்டு வரி வந்தது. மாசியில் ஒன்று, ஆனியில் ஒன்று. 'பழைய நகலுக்கு மாற்றம். கோரியவர்: குழுத் தலைவர் தண்டபாணி. காரணம்: நோயாளிக்கு மனக்குழப்பம். செய்தவர்: தெய்வானை.'

வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் நினைவையும் ஒரு நகல் எடுத்து வைப்போம். பெட்டி பழுதானால் உதவும் என்பதற்காக. அந்த அம்மாள் புருஷனை விட்டுப் போவதென்று முடிவு செய்த பிறகு, முடிவு செய்வதற்கு முந்தைய நகலை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். நான் மாட்டியிருக்கிறேன். இப்படி வருகிற கோரிக்கைக்கு டிக்கெட் என்று பேர், ஒரு நாளைக்கு அறுபது வரும். காரணத்தைப் படித்துக்கொண்டா இருந்தேன்? இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

அந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று காத்திருந்தது. அதே கோரிக்கை. நேரம்: இன்று மாலை நான்கு மணி.

"நான்தாங்க செஞ்சேன்," என்றேன். "ரெண்டு தடவையும். யாரு, எதுக்குன்னு பாக்காம செஞ்சேன். இன்னைக்கு நாலு மணிக்கு மறுபடியும் செய்யச் சொல்லி வந்திருக்கு."

அவர் அழுவார், இல்லை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. திரையில் புருஷன் பெயரை விரலால் சுட்டினார்.

"நேத்து அவருகிட்டயே நேராச் சொல்லிப்போட்டேன், வக்கீலப் பாக்கப் போறேன்னு. 'சரி போயிட்டு வா'ன்னாரு. எவ்வளவு நல்ல மனுசன்னு நெனச்சேன் போங்க," என்றார். பிறகு, "அவரு அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. பம்பு மோட்டார் கடை வெச்சிருக்காரு, ஊருல நல்ல பேரு. ஆனா நானு எது சொன்னாலும் 'உனக்கு ஞாபகமில்ல வசந்தா'ம்பாரு. என்ற தம்பி ஊட்டுக்குப் போலாம்னு சொன்னீங்களேன்னா, உனக்கு ஞாபகமில்ல. பொள்ளாச்சியில லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன் வேல கெடச்சிருக்குது, போகட்டுமான்னா, போன வாரம் நீயேதான வேண்டாம்ன, உனக்கு ஞாபகமில்ல. ஏழு வருசமுங்க. இந்தக் காது புளிச்சுப் போச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அவர் பெயரை முதலில் அந்தக் குழுவிலிருந்து பிய்த்து எடுக்கப் பார்த்தேன். இனிஷியலை மாற்றினால் குழு மாறிவிடும்.

"அப்பா பேரு என்ன?"

"ராமசாமிங்க. கல்யாணத்துக்கு முந்தி ரா. வசந்தாமணி."

ரா என்று போட்டேன். திரை மறுத்தது. 'குழுத் தலைவர் ஒப்புதல் தேவை.' சரி, அவருடைய பெயரின் முதலெழுத்தையே போடுவோம் என்று வ போட்டுப் பார்த்தேன். அதே பதில். கீ போர்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

"சங்கிலிய அறுக்கறதுக்கும் சங்கிலி போட்டவரையே கேக்கோணுமாக்கும்," என்றார் வசந்தாமணி.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் அந்தச் சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. 'இருவழிச் சரிபார்ப்பு.' நாலாயிரத்து முந்நூறு பேருக்கும் காலியாகவே கிடக்கிற கட்டம். அதை நிரப்பக் குழுத் தலைவர் வேண்டாம், மேனேஜர் வேண்டாம். கருவி யாருடையதோ அவர் விரலை வைத்தால் போதும்.

"இங்க பாருங்க," என்றேன். "இப்ப என்ன நடக்குது? தினமும் பெட்டிதான் உங்களைக் கேக்குது, நீ யாருன்னு. நீங்க பதில் சொல்றீங்க. நீங்க திருப்பிக் கேக்கறதே இல்ல."

"நானு எதைக் கேக்கோணும்?"

"பெட்டியை. நீ யாரு, என்ற ஞாபகம்தானா, இல்ல எவனோ கொண்டுவந்து வெச்ச பழசான்னு கேக்கணும். அதுக்கு வழி இருக்கு. நீங்க ஒரு சொல் வெக்கலாம். உங்க நிஜமான நினைவு இருக்கற பெட்டிக்கு மட்டும் அது போகும், உங்க கருவியிலயும் பதியும். இனிமே பெட்டி முதல்ல அந்தச் சொல்லை உங்க காதுக்குள்ள சொல்லணும். சரியாச் சொன்னாத்தான் உங்க கருவி உள்ள விடும். பழைய நகலுக்கு அந்தச் சொல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு தடவை எழுதிட்டா யாரும் திறந்து படிக்க முடியாது."

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

நல்ல கேள்வி. "வங்கிப் பெட்டிக்கெல்லாம் நாங்க இருவழிதான் போடுவோம். கேக்காமயே போடுவோம். உங்களுக்கெல்லாம் காலையில ரெண்டு செகண்ட் தாமதமாகும், ஆறு மணிக்குக் கூட்டம் நெரியும், மனுசங்களுக்கு ஒருவழி போதும்னு விட்டுட்டாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது," என்றேன். "தப்பான நகலை மாட்டினா உங்க கருவி வாங்காது. அப்ப உங்களுக்குக் காய்ச்சலுக்கு முந்தினது மட்டும்தான் இருக்கும். இந்த ஏழு வருசம், இந்த வக்கீலம்மா, நான், எதுவும் இருக்காது. சரியானதை மாட்டற வரைக்கும் காலிதான்."

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வசந்தாமணி குடிக்காமல் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"அவரு ஊட்டறத முழுங்கறதவிடக் காலியாவே இருந்துக்கறேங்க்கா," என்றார். அப்போதுதான் முதல்முறையாக அக்கா என்றார். "போடுங்க."

"பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. பேரு, ஊரு, பிறந்த தேதி வேண்டாம், ஊகிச்சுருவாங்க."

நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிற சத்தம் கேட்டது. முடித்துவிட்டு விரலை வைத்தார். திரை பச்சையானது. இணைப்பை ஒருமுறை துண்டித்துச் சேர்த்துப் பார்த்தேன். சொல் காதில் கேட்டது போலிருக்கிறது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. கேன்டீனில் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டு மேனேஜர் கோவர்தனனின் அறைக்குப் போனேன்.

"நாலு மணி டிக்கெட்டை நான் செய்ய மாட்டேன் சார்."

"ஏன் மேடம்?"

"அந்தம்மா கேக்கல."

"குழுத் தலைவர் கேட்டிருக்காரே."

"குழுத் தலைவரா! முகாம்ல ஒருத்தன் படிவத்தைத் தப்பாப் படிச்சதுக்குப் பேரு தலைவரா?"

"ரெண்டு தடவை செஞ்சிருக்கீங்க. அப்பல்லாம் இந்த நியாயம் எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு. வெட்கமாத்தான் இருக்கு. அதுக்காக மூணாவது தடவையும் வெட்கப்படணுமா?"

கோவர்தனன் கெட்டவர் அல்ல. வம்பு வேண்டாம் என்பவர். அந்த ரகம்தான் ஆபத்து. "நீங்க வேண்டாம், நானே மாட்டிக்கறேன். நாளைக்கு உங்களுக்கு லெட்டர் வரும்," என்றார். வரட்டும் என்றேன்.

மூன்றே முக்காலுக்குத் தண்டபாணி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பணிவான குரல். வசந்தாமணி பார்வையாளர் அறையில் இருப்பதைக் கண்டு கொஞ்சமும் பதறவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "சாப்டயா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றார் அவர். நான் கதவோரம் நின்றேன்.

நான்கு மணிக்குக் கோவர்தனன் தன் மடிக்கணினியுடன் அங்கேயே வந்து உட்கார்ந்தார். வசந்தாமணியின் கருவிக்கு இரண்டு பாதை உண்டு, வீட்டு இன்டர்நெட் வழியாக ஒன்று, செல்போன் கோபுரம் வழியாக ஒன்று. இரண்டையும் நிறுத்தினார். நிஜமான நினைவைக் கழற்றி, அதே முகவரியில் பழைய நகலை வைத்தார். கருவிக்குள் தங்கியிருக்கும் இன்றைய பேச்சையும் அழித்தார். எல்லாம் மூன்று நிமிஷ வேலை. எனக்கு அது தெரியும், நானே செய்திருக்கிறேனே.

வசந்தாமணி கண்ணைச் சிமிட்டினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"இது எந்த எடமுங்க?"

"ஆசுபத்திரிதான் வசந்தா," என்றார் தண்டபாணி. "உனக்கு ஞாபகமில்ல. இப்ப வந்துரும்."

வரவில்லை. கோவர்தனனின் திரையில் சிவப்பாக ஒரு வரி. 'ஸ்டோரேஜின் அடையாளம் பொருந்தவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது.' இருபது விநாடி கழித்து மறுபடி அதே வரி. மனுஷி பெட்டியை மறுப்பதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று என்னிடம் சீறினார்.

"நான் ஒண்ணும் பண்ணல. அவங்க கேள்வி கேக்கறாங்க. உங்க பெட்டிக்குப் பதில் தெரியல."

"எடுத்து விடுங்க அதை."

"என்னால முடியாது, உங்களாலயும் முடியாது. அவங்க விரல் வேணும்."

கோவர்தனன் கணினியைத் திருப்பி வைத்தார். தண்டபாணி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வசந்தா, இதுல ஒருக்கா வெரல வெச்சுரு. ஊட்டுக்குப் போலாம்."

"எதுக்குங்க?"

"உனக்கு ஞாபகமில்ல. நாஞ் சொல்றனில்ல?"

அந்த அம்மாளிடம் அப்போது என்ன இருந்தது? வக்கீல் இல்லை, மனு இல்லை, என்னிடம் சொன்னது எதுவும் இல்லை. எதிரே இருப்பவர் தன் வீட்டுக்காரர் என்று மட்டும் தெரியும். விரல் திரைப் பக்கம் போனது. தொடுவதற்குச் சற்று முன்னால் விரல் நின்றது.

"ஆமாங்க, ஞாபகமில்ல," என்றார். "ஞாபகமில்லாதப்ப எப்புடிங்க வெரல வெக்கறது? ஞாபகம் வரட்டும். அப்பறமா வெக்கறேன்."

கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தண்டபாணி எத்தனையோ விதமாகச் சொன்னார். கெஞ்சினார், கடைசியில் குரலை உயர்த்தினார். "ஞாபகம் வரட்டுமுங்க," என்ற ஒரே பதில்தான். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. மூன்று முறை துடைத்தும் உள்ளே இருந்த மனுஷி அப்படியே இருந்தார்.

ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தால் மேற்பார்வைக் குழுவுக்குத் தானாகவே தகவல் போய்விடும். குழு வந்தால் பழைய டிக்கெட்டுகளையெல்லாம் தோண்டும். கோவர்தனன் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேர்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. என் இருக்கைக்குப் போய், நாலாயிரத்து முந்நூறு பேரின் போனுக்கும் ஒரு செய்தி தட்டினேன். இருவழிச் சரிபார்ப்பு என்றால் என்ன, கட்டம் எங்கே இருக்கிறது, விரலை எங்கே வைக்க வேண்டும். கீழே என் பெயரையும் போட்டேன். லெட்டர் எப்படியும் வரப்போகிறது, முழுசாகச் செய்துவிட்டே வாங்கிக்கொள்வோம் என்று அனுப்பிவிட்டேன்.

ஐம்பத்தைந்தாவது நிமிஷம் கோவர்தனன் தோற்றார். பழைய நகலைக் கழற்றி, நிஜமானதை அதன் இடத்தில் மாட்டி, இரண்டு பாதையையும் திறந்தார்.

வசந்தாமணி தலையைச் சற்றே சாய்த்தார். காதுக்குள் யாரோ பேசுவதைக் கேட்பது போல. உதடு அசைந்தது. கேட்டதை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார்.

"போதுமுங்க, நான் கெளம்பறேன்."

அதன் பிறகுதான் கண்ணில் ஏழு வருஷமும் வந்து உட்கார்ந்தது. என்னை அடையாளம் கண்டு, "அக்கா," என்றார். எழுந்தார், சேலையை நீவிவிட்டுக்கொண்டார், ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டினார். "உக்கடத்துல இருந்து பொள்ளாச்சி பஸ்ஸு அஞ்சரைக்கு ஒண்ணு இருக்குது. வக்கீலம்மாகிட்ட நானே போன்ல பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். தண்டபாணி தடுக்க எழுந்தார். நான் நடுவில் நின்றுகொண்டேன். நானும் சின்ன உருவம் இல்லை.

தண்டபாணி கோவர்தனன் பக்கம் திரும்பினார். முகத்தில் திடீரென்று ஒரு தெம்பு. "சார், இப்ப அவ வாய்ல வந்துச்சே, அதானுங்க அந்த ரகசியச் சொல்லு? நம்ம எல்லாருமே கேட்டுட்டமில்ல? அதையே பழைய நகல்ல போட்டு ராத்திரியோட ராத்திரியா மாட்டிருங்க. அப்பறம் கருவி எப்புடி வேண்டாங்கும்?"

கோவர்தனன் நிமிர்ந்தார். தொழில்நுட்பப்படி அது சரி. வெளியே தெரிந்துபோன ரகசியச் சொல்லை எந்தப் பெட்டியிலும் போடலாம். அவர் கை கீ போர்டுக்குப் போயே விட்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தாராளமாப் போடுங்க சார். எழுத்துப் பிழை வராம நானே டைப் அடிச்சுத் தர்றேன். ஆனா நாளைக்குக் காலையில அந்தம்மா கண்ணு முழிச்சதும், நீங்க மாட்டின பழைய நகல் அவங்க காதுல முதல் முதலா என்ன சொல்லும்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. அதைச் சொல்லாம அது உள்ள போகவே முடியாது."

கோவர்தனன் கையை எடுத்துவிட்டார். தண்டபாணிக்கு உடனே புரியவில்லை. அந்த வாக்கியத்தை முணுமுணுவென்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போதுமுங்க, நான் என்பது வரைக்கும் வந்து, நிறுத்திவிட்டார்.